ஒரே பென்டிரைவில் ஐந்தாறு ஓஎஸ் போட்டுப் பார்க்க வேண்டும், எது சுலபம்?

வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 2015-ல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஐ3, 4 ஜிபி ராம். போன வருடம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், அந்தப் புண்ணியத்தில் இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 11-க்குப் போகலாம் என்றால் அதற்கு வேண்டிய டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் இல்லை, ப்ராசஸரும் பட்டியலில் இல்லை. சரி, லினக்ஸ் போடலாம் என்று முடிவு செய்தேன்.

எந்த லினக்ஸ் என்பதில்தான் வம்பு. ஒருவர் மின்ட் என்கிறார், ஒருவர் உபுண்டு, அலுவலகத்தில் ஒருவர் ஃபெடோராவைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. நானே போட்டுப் பார்த்துவிடலாம் என்று ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் எழுதி, பார்த்து, அழித்து, அடுத்ததை எழுதி என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் வைத்து, ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும்படி செய்ய முடியுமா? இதைப் பயன்படுத்தப் போவது அப்பா. அவருக்கு வேண்டியது தமிழ்99 விசைப்பலகை, பிரிண்டர், யூடியூப், அவ்வளவுதான்.

பழைய பென்டியம்

முடியும். வென்டாய் என்று தேடுங்கள். 2020-ல் வந்தது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. அதை ஒரே ஒரு முறை பென்டிரைவில் நிறுவ வேண்டும், அப்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் கல்யாண போட்டோ எதுவும் இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். அதன்பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை (ஒரு ஓஎஸ் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பது) ஒரு பாட்டு காப்பி செய்வதுபோல அதில் காப்பி செய்தால் போதும். பூட் செய்தால் அத்தனையும் பட்டியலாக வரும். வேண்டாததை டெலீட் செய்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம், திரும்ப எழுத வேண்டிய வேலையே இல்லை. வென்டாயின் புதிய பதிப்பு வந்தாலும் அப்டேட் கொடுத்தால் ஐஎஸ்ஓக்கள் அப்படியே இருக்கும். இன்ஸ்டால் பொத்தானும் அப்டேட் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அவசரத்தில் மாற்றி அழுத்திவிடாதீர்கள். நான் ஒருமுறை அழுத்தியிருக்கிறேன்.

இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது முன்னால் பட்ட பாடு தெரிந்தால்தான் புரியும். நாப்பிக்ஸ் 2000-ல் வந்தபோது ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே ஒரு முழு ஓஎஸ் ஓடுவதே எங்களுக்கு அதிசயம். உபுண்டு சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள், 2011-ல் நிறுத்தும் வரை கவர் கவராக வாங்கி நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். பென்டிரைவ் வந்த பிறகு, ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் க்ரப் என்ற பூட்லோடருக்கான கோப்பைக் கையாலேயே எழுதினோம். அதில் என்ன தொல்லை என்றால், ஐஎஸ்ஓ உள்ளே கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எங்கே இருக்கிறது என்று க்ரப்புக்குச் சொல்லிவிடலாம், ஆனால் கர்னல் ஏறிய பிறகு அது தன் மிச்சக் கோப்புகளைத் தேடும். அது ஒரு ஐஎஸ்ஓவுக்குள் இருக்கிறது, அந்த ஐஎஸ்ஓ ஒரு பென்டிரைவில் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? உபுண்டுக்கு ஒரு வார்த்தை, டெபியனுக்கு வேறு வார்த்தை, ஆர்ச்சுக்கு இன்னொன்று. ஒவ்வொரு பதிப்பு மாறும்போதும் அந்த வரியைத் திருத்த வேண்டும். வென்டாய் அந்த ஐஎஸ்ஓவையே ஒரு தனி டிஸ்க் போலக் கர்னலுக்குக் காட்டிவிடுகிறது. விஷயம் அவ்வளவுதான், ஆனால் அதற்காக எத்தனை ராத்திரி விழித்திருக்கிறோம்.

இரவுப்பறவை

இதே வேலைக்கு எனக்கு யூமி என்ற மென்பொருளே போதும், பத்து வருடமாக அதுதான். புதிது புதிதாக எதற்கு?

பழைய பென்டியம்

யூமியில் எக்ஸ்ஃபேட் என்று ஒரு பதிப்பு வருகிறதே, அதன் உள்ளே ஓடுவதே வென்டாய்தான் ஐயா. நீங்களும் எங்கள் கட்சிதான், தெரியாமல் இருந்திருக்கிறீர்கள்.

இரவுப்பறவை

அட!

வைகைக்கரை

பென்டியம் சார், சொன்னபடி செய்தேன். 128 ஜிபி பென்டிரைவ் ஒன்று மலிவாகக் கிடைத்தது, அதில் வென்டாய் போட்டேன். மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் நான்கும் காப்பி செய்தேன். முதல் நாள் மெனு அழகாக வந்தது, மின்ட் திறந்தது, சந்தோஷமாக இருந்தது. மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவையும் போட்டேன். அதன்பிறகு பூட் செய்தால் கருப்புத் திரை, மெனுவே வரவில்லை. விண்டோஸில் செருகினால் ‘பார்மட் செய்யவா’ என்று கேட்கிறது. திரும்ப வென்டாய் போட்டு எல்லாவற்றையும் காப்பி செய்தேன், அதே கதை. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கும் வென்டாய்க்கும் ஆகாதா?

மெக்கானிக் மாமா

தம்பி, விண்டோஸ் ஐஎஸ்ஓ வென்டாயில் நன்றாகவே ஓடும், என் கடையில் தினமும் ஓடுகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பென்டிரைவ் போலி மாதிரி தெரிகிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், வென்டாய் பென்டிரைவை இரண்டாகப் பிரிக்கும். முன்னால் பெரிய பகுதி, நீங்கள் ஐஎஸ்ஓ போடுவது அதில். அதன் சொந்தச் சாமான்கள் எல்லாம் 32 எம்பி அளவில் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். இப்போது உங்கள் பென்டிரைவின் உள்ளே இருக்கும் சிப் 16 ஜிபிதான், வெளியே 128 என்று பொய் சொல்கிறது என்று வையுங்கள். 16-ஐத் தாண்டி எழுதினால் அது சுற்றி வந்து மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பிக்கும். கடைசியில் இருப்பதாக நாம் நினைக்கிற 32 எம்பி உண்மையில் அந்த 16-வது ஜிபியின் ஓரத்தில் இருக்கும். நான்கு லினக்ஸ் போடும் வரை அந்த எல்லையைத் தொடவில்லை. விண்டோஸ் ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல், அது போய் வென்டாயின் தலையில் உட்கார்ந்துவிட்டது, அப்படியே சுற்றி முதலில் இருந்த பார்ட்டிஷன் கணக்கையும் அழித்துவிட்டது. மெனுவும் போச்சு, பார்மட் செய்யவா என்றும் கேட்கிறது. எல்லாப் போலியும் இப்படிச் சுற்றாது, சிலது தாண்டி எழுதுவதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், காப்பி முடிந்தது என்றுகூடச் சொல்லும்.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு, லினக்ஸில் எஃப்3. முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். 128 என்றால் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

வைகைக்கரை

மாமா, நீங்கள் சொன்னது அப்படியே. ராத்திரி முழுக்க ஓடி காலையில் சிவப்பு எழுத்தில் வந்தது, உண்மையான அளவு 16 ஜிபிக்கும் கீழே. கடைக்காரரிடம் கேட்டேன், ‘இந்த விலைக்கு வேறு என்ன தம்பி எதிர்பார்க்கிறீர்கள்’ என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான் என்று திரும்பி வந்துவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக வென்டாயைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் மாமா

64 ஜிபி நல்லதாக ஒன்று வாங்குங்கள், தாராளமாகப் போதும். யூஎஸ்பி 3 என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, படிக்கும் வேகம்தான் முக்கியம், லைவில், அதாவது நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும்போது ஒவ்வொரு கிளிக்குக்கும் அது பென்டிரைவைத்தான் படிக்கும். மந்தமான பென்டிரைவில் பார்த்துவிட்டு லினக்ஸே மந்தம் என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் காப்பி பட்டை நூறு சதவீதம் வந்ததும் பிடுங்காதீர்கள். ‘எஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடுங்கள். லினக்ஸில் பட்டை முடிந்த பிறகும் ஓரிரு நிமிடம் உள்ளே எழுதிக்கொண்டே இருக்கும். இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 எண்ணையும் (கோப்பின் கைரேகை மாதிரி) அந்தந்தத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டுவிடுங்கள். பாதி இறங்கிய ஐஎஸ்ஓ மெனுவில் ஒழுங்காகத் தெரியும், பூட் ஆகும்போதுதான் நடுவில் நிற்கும்.

எறும்பு

எல்லோரும் வென்டாய் வென்டாய் என்கிறீர்கள், ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அதன் மூல நிரல் கிடங்கில் ஏற்கெனவே கம்பைல் செய்த பைனரிக் கோப்புகள் நிறைய இருக்கின்றன. மூலத்திலிருந்து முழுவதையும் நாமே கட்டிப் பார்த்து, அதுதான் இது என்று உறுதி செய்வது சுலபமில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் யாரோ ரகசியப் பின்வாசல் வைத்த விவகாரம் வெளியே வந்த பிறகு இதைப் பற்றிப் பலரும் கேட்டார்கள். பூட் ஆகும்போது கர்னலுக்கு முன்னால் உட்காரும் மென்பொருள் இது. நான் தொட மாட்டேன். ஒரு ஓஎஸ்ஸுக்கு ஒரு பென்டிரைவ், நேராக எழுதுவது, முடிந்தது.

பழைய பென்டியம்

எறும்பு சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் கேள்வி சரியான கேள்வி. ஆனால் அதில் கெட்டது இருந்ததாக இதுவரை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. நான் பின்பற்றும் வழி, வேடிக்கை பார்க்க வென்டாய், வீட்டுக்குள் குடியேற்ற வேறு. பத்து ஓஎஸ் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த ஒன்றை மட்டும் தனியாக இன்னொரு பென்டிரைவில் நேரடியாக எழுதி அதிலிருந்து நிறுவுவேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. நிறுவும்போது ஏதாவது கோளாறு வந்து அந்த லினக்ஸின் ஆட்களிடம் உதவி கேட்டால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே ‘வென்டாயிலிருந்தா நிறுவினீர்கள்’ என்பதுதான்.

எறும்பு

அப்படி என்றால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வங்கி வேலை பார்க்கும் லைவ் பென்டிரைவை வென்டாயில் வைக்காதீர்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மொட்டைமாடி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், அவசரம். என்னுடையது புது லேப்டாப், விண்டோஸ் 11. வென்டாய் பூட் ஆகவில்லை, வீடியோவில் சொன்னார்கள் என்று பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்தேன். வென்டாய் வந்தது. ஆனால் இப்போது விண்டோஸ் திறந்தால் நீலத் திரையில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்பு எண் 48 இலக்கம் கேட்கிறது. நான் பிட்லாக்கர் எதையும் போடவே இல்லை. ப்ராஜெக்ட் எல்லாம் உள்ளே இருக்கிறது. கை நடுங்குகிறது.

மெக்கானிக் மாமா

பதற்றப்படாதீர்கள், ஒன்றும் அழியவில்லை. முதலில் பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் அதோடு கேட்பதை நிறுத்திவிடும். அப்போதும் கேட்டால் போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், சாதனங்கள் பகுதியில் மீட்பு எண் இருக்கும். புது லேப்டாப்களில் அந்தக் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கும்போதே டிஸ்க்கைத் தானாகப் பூட்டி, சாவியை அங்கே வைத்துவிடுகிறது. நமக்குச் சொல்வதில்லை. தயவுசெய்து நீலத் திரையைப் பார்த்துப் பயந்து ‘ரீசெட்’ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மொட்டைமாடி

வந்துவிட்டது!! செக்யூர் பூட் ஆன் செய்ததும் விண்டோஸ் பழையபடி திறந்தது. மீட்பு எண்ணையும் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். ரொம்ப நன்றி. அப்படியானால் எனக்கு வென்டாய் கிடையாதா?

பழைய பென்டியம்

ஏன் கிடையாது? செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. வென்டாய் நிறுவும்போது செக்யூர் பூட் ஆதரவு என்ற தேர்வு இருக்கும், அது டிக் ஆகியிருக்கட்டும். முதல் முறை பூட் செய்யும்போது ஒரு நீலத் திரை வரும் (இது வேறு நீலம், பயப்பட வேண்டாம்). அதில் டிஸ்க்கிலிருந்து சாவியைச் சேர் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து, விடாய்இஎஃப்ஐ என்ற பார்ட்டிஷனுக்குள் போய், ‘என்ரோல் திஸ் கீ’ என்று தொடங்கும் கோப்பைக் காட்டி, ஆம் கொடுத்து ரீபூட் செய்ய வேண்டும். ஒரு கணினிக்கு ஒரு முறை செய்தால் போதும். இரவல் லேப்டாப்பில் செய்வதாக இருந்தால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அந்தச் சாவி அவர் கணினியிலேயே தங்கிவிடும்.

சில புது மாடல்களில் இதற்கும் முன்னால் ஒரு தடை உண்டு. பயாஸில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றை அனுமதிப்பதா என்று ஒரு தேர்வு இருக்கும், அது அணைந்திருந்தால் வென்டாய் மட்டுமில்லை, உபுண்டுகூட ஏறாது. அதை மட்டும் ஆன் செய்யுங்கள். பயாஸில் எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டுத் தொடுங்கள்.

வைகைக்கரை

நல்ல பென்டிரைவ் வாங்கியாயிற்று, இந்த முறை முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டிவிட்டுத்தான் வென்டாய் போட்டேன். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உபுண்டு 24.04 ஐஎஸ்ஓவே கிட்டத்தட்ட 6 ஜிபி. எங்கள் 4 ஜிபி ராமில் திறந்தது, ஆனால் பிரவுசரில் நான்கு டேப் போட்டதும் மூச்சு வாங்கியது. ஃபெடோரா பார்க்க அழகு, அப்பாவுக்குக் கீழே பட்டை இல்லாதது பிடிக்கவில்லை, ‘ஸ்டார்ட் எங்கேடா’ என்று மூன்று முறை கேட்டார். மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரை அமைப்புள்ள பதிப்பு பார்த்ததும் அவராகவே மவுஸை வாங்கிக்கொண்டார். ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் ராக்கெட் மாதிரி ஓடுகிறது, ஆனால் மெனுவில் எங்கே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. டெபியனில் வைஃபை உடனே வந்தது ஆச்சரியம், முன்பு ஒருமுறை வராமல் கைவிட்டிருந்தேன்.

பிரிண்டர் மின்ட்டில் செருகியதும் தானாகவே வந்துவிட்டது. தமிழ்99 தான் தகராறு. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று இருந்ததைப் போட்டுக் கொடுத்தேன், அப்பா ‘அம்மா’ என்று அடித்தார், ஒற்றெழுத்துக்குப் புள்ளி விழவில்லை, ‘இது தமிழ்99 இல்லை’ என்று எழுந்து போய்விட்டார்.

பழைய பென்டியம்

உங்கள் அப்பா சொன்னது சரி. அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற கணக்கு மட்டும்தான். ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைப்பதுதான் தமிழ்99-ன் அழகே, அது அதில் வராது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதோடு விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி அதிலிருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். டெபியன் வைஃபைக்குக் காரணம், 2023-ல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர்களையும் (வைஃபை போன்ற வன்பொருள் இயங்க வேண்டிய கோப்புகள்) அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன்னால் தனியாக இறக்க வேண்டும், இறக்க வைஃபை வேண்டும், வைஃபைக்கு அது வேண்டும்.

வைகைக்கரை

நிறுவினேன், வேலை செய்தது. அணைத்து ஆன் செய்தால் காணாமல் போய்விட்டது. லைவில் எதுவும் தங்காதா?

பழைய பென்டியம்

தங்காது, நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் ராமில்தான் இருக்கிறது. தங்க வைக்க பெர்சிஸ்டென்ஸ் என்று ஒரு வழி உண்டு. வென்டாயின் லினக்ஸ் தொகுப்பில் இதற்கென்றே ஒரு ஸ்க்ரிப்ட் வருகிறது, அதை வைத்து ஒரு 4 ஜிபி கோப்பு உருவாக்கிப் பென்டிரைவில் போட வேண்டும். அப்புறம் வென்டாய் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதிலிருக்கும் ஜேசன் கோப்பில் இந்த ஐஎஸ்ஓவுக்கு இந்தக் கோப்பு என்று ஜோடி சேர்க்க வேண்டும். விண்டோஸில் வென்டாய் ப்ளக்சன் என்ற கருவியில் மவுஸாலேயே செய்துகொள்ளலாம். கோப்பின் உள்ளே கொடுக்கும் லேபிள்தான் பலருக்கும் தவறுவது. உபுண்டு, மின்ட் வகைக்கு ‘கேஸ்பர்-ஆர்டபிள்யூ’, டெபியனுக்கு ‘பெர்சிஸ்டென்ஸ்’. மாற்றிக் கொடுத்தால் எந்தப் பிழையும் காட்டாது, சும்மா மறந்துவிடும், அவ்வளவுதான்.

இதில் முழு அப்டேட் ஓட்டாதீர்கள். கர்னல் ஐஎஸ்ஓவுக்குள் இருப்பதுதான் ஏறும், புதிய கர்னல் கோப்பில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

மெக்கானிக் மாமா

மூன்று மாதம் பெர்சிஸ்டென்ஸில் ஓட்டுவதைவிடப் பிடித்திருந்தால் நிறுவிவிடுங்கள் தம்பி. பென்டிரைவ் தினமும் எழுதுவதற்குச் செய்த பொருள் இல்லை.

நிறுவும் முன் இரண்டு சொல்கிறேன். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. இன்னொன்று, சிலர் வெளி எஸ்எஸ்டியில் லினக்ஸ் நிறுவி எடுத்துச் செல்ல ஆசைப்படுகிறார்கள். உபுண்டுவின் பழைய நிறுவி, நீங்கள் வெளி டிஸ்க்கைக் காட்டினாலும் பூட்லோடரை உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் வைத்துவிடும். வெளி டிஸ்க்கைக் கழற்றினால் விண்டோஸுக்குப் பதில் க்ரப் கருப்புத் திரை. இப்படி என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் ‘நான் விண்டோஸைத் தொடவே இல்லை’ என்றுதான் சொன்னார்கள். உண்மைதான், அவர்கள் தொடவில்லை. முடிந்தால் உள் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுங்கள்.

உப்புக்காற்று

எனக்கும் ஒரு சந்தேகம். எஃப்12 அழுத்தினால் பூட் மெனு வரவில்லை. மேலும் என் தங்கையின் எம்1 மேக்கில் இந்தப் பென்டிரைவ் வேலை செய்யுமா?

மெக்கானிக் மாமா

எந்த கம்பெனி என்று சொல்லவில்லையே. டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, அசூஸ் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12-ஐ பயாஸில் போய் முதலில் அனுமதிக்க வேண்டியிருக்கும். சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். எம்1-ல் ஆகாது, அதை விட்டுவிடுங்கள்.

வைகைக்கரை

கடைசித் தகவல். மின்ட்டைத் தனிப் பென்டிரைவில் எழுதி அதிலிருந்து நிறுவிவிட்டேன், எறும்புக்கும் திருப்தி என்று நினைக்கிறேன். தமிழ்99 புள்ளி விழுகிறது. இப்போது அப்பாவின் புகார், ஆங்கிலத்துக்கு மாற சூப்பர் விசையும் (விண்டோஸ் படம் போட்ட விசை) ஸ்பேஸும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது, விண்டோஸில் ஆல்ட்டும் 2-ம் தானே என்கிறார். அதை எங்கே மாற்றுவது?

பழைய பென்டியம்

ஐபஸ் விருப்பங்களில் முதல் பக்கத்திலேயே, அடுத்த உள்ளீட்டு முறை என்ற வரிக்கு எதிரே மூன்று புள்ளி இருக்கும். அதை அழுத்தி ஆல்ட் 2 கொடுங்கள். பிரவுசரில் இரண்டாவது டேப்புக்குப் போவதும் அதே ஆல்ட் 2 தான், அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.